கண்டாங்கிச் சேலையும் மடக்கை விதிகளும்

காரைக்குடியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அவற்றில் முதல் பத்து ஆண்டுகள் மடக்கை (லாகரிதம், சுருக்கமாக லாக்) பாடத்தை நான் சரியாக நடத்தவில்லை. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, அடுக்கு விதி, அடிமானம் மாற்றும் விதி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னேன். பிள்ளைகள் செய்தார்கள். தேர்வுத்தாளில் ஆண்டு தவறாமல் ஒரே பிழை வந்து நின்றது: லாக் (அ + ஆ) = லாக் அ + லாக் ஆ. ஒரு பிள்ளை தவறினால் கவனக்குறைவு. பாதி வகுப்பு தவறினால் கற்பித்ததில்தான் குறை.

போன அரையாண்டு விடுமுறையில் மகள் வயிற்றுப் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். பதினோராம் வகுப்பு. "ஆயா, எல்லா விதியும் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்தால் எந்த விதியை எடுப்பது என்று தெரியவில்லை" என்றாள். அப்போது நான் வளவில், வீட்டின் உள்முற்றத்தில் நின்று, கொடியிலிருந்து எடுத்த கண்டாங்கிச் சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். "நோட்டை மூடி வைத்துவிட்டு மறுமுனையைப் பிடி" என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு சேலையை எடுத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

சேலையை நீளவாக்கில் விரித்துப் பிடியுங்கள். இன்னும் மடிக்கவில்லை. துணி ஒரே ஏடு. வெங்காயத்தில் ஏடு என்கிறோமே, அதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் துணிப் பரப்பை ஏடு என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு என்று சொல்லலாம்தான். ஆனால் பாடப்புத்தகம் அந்தச் சொல்லை 2³ என்பதில் மேலே உட்கார்ந்திருக்கும் 3-க்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இரு முனைகளையும் சேர்த்து ஒரு முறை மடித்தால் 2 ஏடு. மறுபடி பாதியாக மடித்தால் 4. மூன்றாம் மடிப்பில் 8, நான்காம் மடிப்பில் 16, ஐந்தாம் மடிப்பில் 32. ஐந்தரை மீட்டர் சேலை நான்கு மடிப்பிலேயே ஒரு முழத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மடித்து வைத்த சேலையை ஒருவர் உங்கள் கையில் தருகிறார். ஓரத்தில் எண்ணினால் 8 ஏடு இருக்கிறது. எத்தனை முறை மடித்திருப்பார்? மூன்று முறை. இந்தக் கேள்விக்குத்தான் மடக்கை என்று பெயர். எழுத்தில் லாக்₂ 8 = 3. கீழே சிறிதாக இருக்கும் 2 அடிமானம். ஒவ்வொரு முறையும் இரண்டாக மடிக்கிறோம் என்று அது சொல்கிறது. 8 என்பது ஏடு. விடையாக வரும் 3 மடிப்பு. லாக் என்று எங்கே பார்த்தாலும் மனதுக்குள் "எத்தனை மடிப்பு?" என்று வாசியுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக அவிழும்.

பெருக்கல் விதியைக் கையாலேயே பார்க்கலாம். பேத்தி மூன்று முறை மடித்தாள்; 8 ஏடு. அதை வாங்கி நான் இன்னும் இரண்டு முறை மடித்தேன். என் இரண்டு மடிப்பும் ஏடுகளை நான்கு மடங்காக்கின. 8 × 4 = 32. மடிப்புகளோ பெருகவில்லை, கூடின. 3 + 2 = 5.

லாக்₂ (8 × 4) = லாக்₂ 8 + லாக்₂ 4

ஏடு பெருகும்போது மடிப்பு கூடுகிறது. வகுத்தல் விதி இதன் மறுபக்கம்: 32 ஏடாக இருக்கும் சேலையில் இரண்டு மடிப்பைப் பிரித்துவிட்டால் 32 ÷ 4 = 8 ஏடு, 5 − 2 = 3 மடிப்பு. பிரித்தால் கழித்தல். அவ்வளவுதான்.

மடிக்காத சேலை ஒரே ஏடு என்று பார்த்தோம். அதனால் லாக்₂ 1 = 0. இரண்டாக மடிக்காமல் மூன்றாக, பத்தாக மடித்தாலும் இதுவே நிலை: மடிக்காதவரை ஒரே ஏடு. எந்த அடிமானத்திலும் லாக் 1 பூச்சியம்தான். அடிமானம் 1 ஆக ஏன் இருக்கக் கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்றாக மடிப்பது என்றால் மடிக்காமல் விடுவது. ஆயிரம் முறை அப்படிச் செய்தாலும் ஏடு ஒன்றுதான்; 8 ஏட்டை அதனால் உண்டாக்கவே முடியாது.

இனி ஏட்டை விட்டுவிட்டு, மடித்த சேலையின் நீளத்தைப் பாருங்கள். ஒரு மடிப்பில் நீளம் அரை. இரண்டில் கால். மூன்றில் அரைக்கால். நான்கில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. நம் முன்னோர் எண்சுவடியில் படித்த பின்னங்கள் இவை. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒவ்வொரு படியிலும் பாதியாக இறங்கும் இந்த வரிசையைச் சொல்லத் தெரிந்தவருக்கு மடக்கை ஏற்கெனவே பாதி தெரியும் என்றே நான் நினைக்கிறேன். காலில் அரைக்கால் எவ்வளவு? கால் இரண்டாம் படி, அரைக்கால் மூன்றாம் படி. கூட்டினால் ஐந்தாம் படி, அரைவீசம். பெருக்கிப் பாருங்கள், முப்பத்திரண்டில் ஒன்றுதான் வரும். சுருங்கும் திசையில் போவதால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி போடுகிறோம்: லாக்₂ (1/16) = −4.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விடை, அதாவது லாக்கின் மதிப்பு, குறை எண்ணாக வரலாம். லாக்குக்கு உள்ளே இருக்கும் எண் அப்படி வரக் கூடாது. எத்தனை முறை மடித்தாலும் சேலையின் நீளம் பூச்சியமாவதில்லை. பூச்சியத்துக்குக் கீழேயும் போவதில்லை. லாக் 0 கிடையாது, லாக் (−5) கிடையாது.

இனி அந்தப் பழைய பிழைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் மிகவும் முக்கியம். இரண்டு சேலைகளை எடுங்கள். இரண்டையும் மூன்று முறை மடியுங்கள். ஒவ்வொன்றும் 8 ஏடு. ஒன்றை இன்னொன்றின்மேல் வையுங்கள். மொத்தம் 8 + 8 = 16 ஏடு. பதினாறு ஏட்டுக்கு எத்தனை மடிப்பு? நான்கு. ஆனால் லாக்₂ 8 + லாக்₂ 8 என்று கூட்டினால் 6 வரும். ஆறு மடிப்பு என்றால் 64 ஏடு. கையில் இருப்பதோ பதினாறு. ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது வேறு, மடிப்பது வேறு. வைப்பதற்கு மடக்கையில் விதியே கிடையாது. லாக் (அ + ஆ) என்று வந்தால், முதலில் உள்ளே கூட்டி முடியுங்கள், பிறகு லாக் எடுங்கள். பேத்தி இரண்டு சேலைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஓர ஏடுகளைத் தானே எண்ணிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் இந்தப் பிழையைச் செய்யவில்லை.

இதன் உடன்பிறப்பாக இன்னொரு பிழையும் உண்டு. லாக்₂ 32 ÷ லாக்₂ 8 என்பதும் லாக்₂ (32 ÷ 8) என்பதும் ஒன்றல்ல. முதலாவது 5/3. இரண்டாவது 2. வட்டிக் கணக்கில் இந்த வேறுபாடு மறுபடி வரும். அங்கே தவறினால் விடை ஆண்டுக்கணக்கில் மாறிப்போகும்.

அடுக்கு விதிக்குப் புதிதாக ஒன்றும் தேவையில்லை. மூன்று மடிப்பு மடிக்கும் வேலையை ஐந்து தடவை திரும்பச் செய்தால் 3 × 5 = 15 மடிப்பு. ஏடு 8 × 8 × 8 × 8 × 8 = 32,768. கையால் ஆகாது, கணக்கில் ஆகும்: லாக்₂ (8⁵) = 5 × லாக்₂ 8. மேலே இருந்த 5 கீழே இறங்கி முன்னால் வந்து நின்றுகொண்டது. மடக்கையின் முழுப் பயனும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் எண்ணை வெளியே எடுக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

அடிமானம் மாற்றும் விதியைப் பார்த்துப் பயப்படாத பிள்ளை அரிது. அதுவும் சேலைதான். ஒருவர் ஒரே மூச்சில் நான்காக மடிப்பவர் என்று வையுங்கள். அவருடைய ஒரு மடிப்பு நம்முடைய இரண்டு மடிப்புக்குச் சமம். 64 ஏட்டுக்கு நமக்கு 6 மடிப்பு வேண்டும்; அவருக்கு 6 ÷ 2 = 3 போதும்.

லாக்₄ 64 = லாக்₂ 64 ÷ லாக்₂ 4

கீழே இருக்கும் லாக்₂ 4 என்பது, அவருடைய ஒரு மடிப்பு நம் கணக்கில் எத்தனை என்று சொல்கிறது. மரக்காலில் அளந்த நெல்லைப் படியில் சொல்வது போன்ற மாற்றம்தான் இது.

சரி, 3 ஏட்டுக்கு எத்தனை மடிப்பு? இங்கே சேலை நின்றுவிடுகிறது. எண்ணைத்தான் நம்ப வேண்டும். 3⁵ = 243. 2⁸ = 256. இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் 5 × லாக்₂ 3 ஏறக்குறைய 8. ஐந்தால் வகுத்தால் 1.6. உண்மை மதிப்பு 1.585. மடக்கை அட்டவணையும் இல்லாமல் கால்குலேட்டரும் இல்லாமல் இவ்வளவு நெருங்கிவிட்டோம்.

இதே வழியில் பத்தை அடிமானமாக வைத்துப் பாருங்கள். 2¹⁰ = 1024; இது 10³-க்கு மிக அருகில். எனவே 10 × லாக் 2 ஏறக்குறைய 3. லாக் 2 ஏறக்குறைய 0.3. அட்டவணையில் 0.3010. மடக்கையை 1614-ல் உலகுக்குக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர். அடுத்த ஆண்டு அவரைத் தேடிச் சென்ற ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாக்கும் யோசனையை முன்வைத்து, 1617-ல் 1 முதல் 1000 வரையிலான எண்களுக்கு மடக்கை வெளியிட்டார். ஒவ்வொன்றும் கையால் போட்ட கணக்கு. அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நீங்கள் ஆயிரம் எண்களை நினைவில் வைக்க வேண்டாம். மூன்று போதும்.

லாக் 2 = 0.3010
லாக் 3 = 0.4771
லாக் 7 = 0.8451

5 என்பது 10 ÷ 2. ஆகவே 1 − 0.3010 = 0.6990. 6 என்பது 2 × 3, 0.7781. 9-க்கு 0.4771-ஐ இரட்டித்தால் 0.9542. 15 என்பது 3 × 5, 1.1761. 11-உம் 13-உம் இப்படி வரமாட்டா. அவை பகா எண்கள், அவற்றுக்கு அட்டவணைதான் கதி. கடைசி இலக்கத்தில் ஒன்று முன்பின் வந்தால் கலங்க வேண்டாம். நான்கு இலக்கத்தோடு நிறுத்தியதால் வரும் சிறு நழுவல் அது. ஒரு பெரிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்றும் இதைக்கொண்டே சொல்லலாம். 2⁶⁴: 64 × 0.3010 = 19.26. முழுப்பகுதி 19, அதோடு ஒன்று சேர்த்தால் 20 இலக்கங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் மடக்கைக்கு இயல்பான வீடு வட்டிக் கணக்கு. என் ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர். அப்பச்சி (அப்பா) பெட்டியடியில், அதாவது கடைக் கல்லாவடியில் உட்கார்ந்து பேரேடும் ஐந்தொகையும் பழகியவர். வட்டிக்கு வட்டி என்றால் ஒவ்வோர் ஆண்டாகப் பெருக்கி, கூட்டி, அடுத்த வரியில் எழுதிக்கொண்டே போவார். பள்ளியில் மடக்கை படித்த புதிதில் நான் அவரிடம் போய், "அப்பச்சி, பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று நான் ஒரே வரியில் சொல்வேன்" என்றேன். "நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷக் கடைசியில் வட்டியை முதலோடு சேர்க்கிறோம். சொல்" என்றார்.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் பணம் 1.12 மடங்காகிறது. சேலையை 1.12-ஆக மடிக்கிறோம் என்று வையுங்கள். 2 ஏடு வர எத்தனை மடிப்பு? ஆண்டுகளின் எண்ணிக்கை ந என்றால் 1.12-இன் ந-ஆம் அடுக்கு 2 ஆக வேண்டும். இருபுறமும் லாக் எடுத்தால் ந கீழே இறங்கிவிடும்: ந × லாக் 1.12 = லாக் 2.

லாக் 1.12-க்கு அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை. 112 = 16 × 7. எனவே லாக் 112 = 4 × 0.3010 + 0.8451 = 2.0491. நூறால் வகுத்ததற்கு 2-ஐக் கழித்தால் 0.0491, அட்டவணையில் 0.0492. கடைசி இலக்க நழுவல் என்று சொன்னேனே, அது இதுதான். சிறிய எண்ணால் வகுக்கும்போது அந்த நழுவல் பெரிதாகும் என்பதால் இங்கே அட்டவணை மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.3010 ÷ 0.0492 = 6.12. ஆறு ஆண்டும் ஏறக்குறைய ஒன்றரை மாதமும்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் லாக் 2-இலிருந்து லாக் 1.12-ஐக் கழித்துவிடுவார்கள். கழித்தால் 0.2518 வரும்; மூன்று மாதத்தில் பணம் இரட்டித்துவிடும் என்று பொருளாகும். அப்படி ஒரு வட்டி எங்கே இருக்கிறது? விடையை எழுதியதும் அது நடக்கக் கூடியதா என்று ஒரு நொடி பாருங்கள்.

அப்பச்சி என் விடையைத் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறாம் ஆண்டு முடிவில் 1000 ரூபாய் 1973 ரூபாய் 82 பைசா ஆகியிருந்தது. ஏழாம் ஆண்டில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. "சரிதான்" என்றார். அடுத்து, "பத்து வருஷத்தில் எவ்வளவு?" என்று கேட்டார். 10 × 0.0492 = 0.492, அதன் எதிர்மடக்கை, அதாவது லாக் எடுத்தால் 0.492 தரும் எண், 3.105. "3105 ரூபாய்" என்றேன். அவர் தாளில் 3105 ரூபாய் 85 பைசா இருந்தது. "எண்பத்தைந்து பைசாவை யார் கணக்கில் எழுதுவது?" என்றார். நான்கு இலக்க அட்டவணை நான்கு இலக்கம்தான் தரும். எத்தனை ஆண்டு, எத்தனை மடங்கு, ஏறக்குறைய எவ்வளவு என்பதற்கு மடக்கையை நம்புங்கள். பேரேட்டில் எழுதும் தொகைக்கு நேராகப் பெருக்குங்கள். அப்பச்சி அன்று சொன்னதை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வட்டியையும் போட்டுப் பாருங்கள். 8 சதவீதம்: 108 = 4 × 27. லாக் 1.08 = 0.0334. 0.3010 ÷ 0.0334 = 9.01, ஒன்பது ஆண்டு. நான்கு மடங்காக? பேத்தி பேனாவை எடுக்காமலே "பதினெட்டு" என்றாள். லாக் 4 என்பது லாக் 2-இன் இரட்டிப்பு.

எங்கள் ஊரில் மடக்கைக்கு இன்னொரு வீடும் இருக்கிறது. சிக்ரி என்று நாங்கள் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம். மின்வேதியியலில் மடக்கை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு, 1909-ல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்தது. ஒரு லிட்டரில் எத்தனை மோல் (துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) ஹைட்ரஜன் அயனி இருக்கிறதோ அதன் லாக்கை எடுத்துக் குறியை மாற்றினால் பி.எச். தூய நீரில் 10⁻⁷, பி.எச். 7. பி.எச். 4 உள்ள கரைசலில் அயனிகள் மூன்று மடங்கு அல்ல, பத்தின் மூன்று மடிப்பு, ஆயிரம் மடங்கு அதிகம்.

அயனி அளவு 10⁻⁴-இலிருந்து 2 × 10⁻⁴ ஆனால் என்னவாகும்? பெருக்கல் விதி: லாக் 2 + லாக் 10⁻⁴ = 0.3010 − 4 = −3.699. பி.எச். 3.7. அமிலம் இரட்டித்தும் எண் 0.3 மட்டுமே இறங்கியது. பி.எச். மீட்டரின் மின்முனையும் இதே விதியில்தான் வேலை செய்கிறது: 25 டிகிரி செல்சியஸில் அயனி அளவு பத்து மடங்கு மாறும்தோறும் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். வெளியே பெருக்கல் நடக்கிறது. மீட்டரின் முள் கூட்டலைக் காட்டுகிறது.

கடைசியாக, சமன்பாடுகளில் ஒளிந்திருக்கும் ஒரு பள்ளம். லாக்₂ க + லாக்₂ (க − 2) = 3 என்று கேட்பார்கள். மடிப்புகள் கூடினால் ஏடுகள் பெருகும்; எனவே க × (க − 2) = 2³ = 8. க² − 2க − 8 = 0. காரணிப்படுத்தினால் (க − 4)(க + 2) = 0. க = 4 அல்லது −2. இத்தோடு பேனாவை மூடிவிடுபவர்கள் மதிப்பெண் இழப்பார்கள். இரண்டையும் முதல் வரியில் போட்டுப் பாருங்கள். 4-ஐப் போட்டால் லாக்₂ 4 + லாக்₂ 2 = 2 + 1 = 3; சரி. −2-ஐப் போட்டால் லாக்₂ (−2) என்று தொடங்குகிறது. பேத்தி அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "அப்படி ஒரு சேலை இல்லை" என்று எழுதி வைத்தாள்.